சொட்டும் பொட்டும்: ஒரு யாழ்ப்பாண நாட்குறிப்பு

முதல் நாள், வெள்ளி

கிளம்பும்போதே என் பையை மூன்று தடவை எக்ஸ்ரே பெட்டிக்குள் தள்ளி எடுத்தார்கள். குற்றவாளி ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் நான்கு நியோடிமியம் காந்தங்கள், பஞ்சு சுற்றி வைத்த விரல்நகம் அளவுக் கறுப்புத் தகடு ஒன்று. தகர டப்பாவுக்குள் இருந்தால் காந்தப்புலம் வெளியே அதிகம் கசியாது, பிஸ்கட் டப்பா அதற்காகத்தான் என்று விளக்கினேன். அதிகாரி நம்புகிற மாதிரி இல்லை. சரி என்று மேசை மேலேயே காந்தங்களை அடுக்கித் தகட்டை வைத்துக் காட்டினேன். தொடாமல் மிதந்தது. "மேஜிக் ஷோவா மேடம்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

பலாலியில் இறங்கினால் சென்னையின் தை மாதத்தை விடக் கொஞ்சம் ஈரமான காற்று. கல்லூரிக் காலத் தோழியின் அப்பா வந்து நின்றார். ஊருக்கே அவர் மாஸ்டர், எனக்கும் அப்படித்தான். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். இங்கே பௌதிகவியல் என்று சொல்ல வேண்டும். தோழி லண்டனில் இருக்கிறாள். அவள் போன் செய்து, "அப்பாட்ட வாற ஏ லெவல் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வந்து கதை. உன்ர காந்தத்தையும் கொண்டு வா" என்று சொல்லியிருந்தாள். வந்துவிட்டேன்.

கொக்குவில் வீடு. பிட்டு, மீன் குழம்பு, சொதி. சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இயற்பியல் பக்கம் வரமாட்டேன். நேராகப் படுக்கைக்குப் போகிறேன்.

"உந்த வலை ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு பிள்ளை. நுளம்பு தின்னும்" என்று தோழியின் அம்மா பழைய நுளம்புவலைக்கு, நம் ஊர்க் கொசுவலைக்கு, மேலேயே இன்னொரு வலையைக் கட்டிவிட்டுப் போனார். நாம் கைவிட்ட 'உ' சுட்டு இங்கே இன்னும் வலை கட்டிக்கொண்டிருக்கிறது. அது, இது, நடுவில் உது.

விளக்கை அணைக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வலையும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்த இடத்தில் பெரிய பெரிய வட்டப்புள்ளிகளாக ஒரு கோலம். மின்விசிறிக் காற்றில் மேல்வலை லேசாகத் திரும்பும்போது புள்ளிகள் பெரிதாகின்றன, நெருங்குகின்றன, மறுபடி பெரிதாகின்றன. ஒரு வலையைத் தனியாகப் பார்த்தால் இந்தக் கோலம் கிடையாது. மற்றதிலும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்னத் திருப்பத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நுளம்புவலையின் கண் அறுகோணம். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் ஒற்றை அணு அடுக்கான கிராஃபீனும் அறுகோணக் கண்களால் ஆன வலைதான். 2004ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டை உரித்து உரித்து அந்த ஒற்றை அடுக்கைப் பிரித்தார்கள். 2010ல் நோபல் கிடைத்தது. அடுத்த கேள்வி, இரண்டு அடுக்கை வைத்து ஒன்றைக் கொஞ்சம் திருப்பினால் என்ன ஆகும்? ஏறக்குறைய 1.1 டிகிரி திருப்பினால் எலக்ட்ரான்களின் ஓட்டம் சுணங்கிப்போகும் என்று பிஸ்ட்ரிட்ஸரும் மெக்டொனால்டும் 2011ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2018ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹரில்யோ எர்ரேரோவின் குழு செய்தே காட்டியது. கட்டுரையின் முதல் பெயர் யுவான் சாவோ, அப்போது மாணவர். அந்தக் கோணத்தில், 1.7 கெல்வின் குளிரில், அதாவது ஏறக்குறைய மைனஸ் 271 டிகிரியில், வெறும் கரி மின்தடை இல்லாத மீக்கடத்தியாக மாறியது. வேறு எதையும் கலக்கவில்லை. திருப்பினார்கள், வோல்ட்டேஜ் கொடுத்து எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கொஞ்சம் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

எலக்ட்ரான்கள் வேகமாக ஓடும்போது பக்கத்தில் இருப்பவரைக் கவனிப்பதில்லை. ஓட்டம் சுணங்கினால்தான் ஒன்றின் இருப்பு இன்னொன்றை உறுத்த ஆரம்பிக்கும். விசித்திரங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஸ்கேல் இல்லை. போனில் ஸ்கேல் செயலியைத் திறந்து வலையின் கண்ணை அளந்தேன், ஒன்றரை மில்லிமீட்டர் வந்தது. காற்று நின்ற ஒரு நொடியில் கோலத்தின் புள்ளிக்குப் புள்ளி என் உள்ளங்கை அகலம், எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணைப் போல ஐம்பத்திரண்டு மடங்கு. எம்ஐடி கிராஃபீனில் கண் 0.246 நானோமீட்டர், கோலம் ஏறக்குறைய 13 நானோமீட்டர். அதுவும் ஐம்பத்திரண்டு மடங்குதான். எத்தனை மடங்கு என்பதைத் தீர்மானிப்பது திருப்பிய கோணம்தான். அம்மா தூக்கக் கலக்கத்தில் கட்டிய வலை ஒரு நொடி அந்த 1.1 டிகிரி மாயக்கோணத்தில் நின்றிருக்கிறது.

உள்ளே ஒரு நுளம்பு புகுந்துவிட்டதைக் கடைசியாகப் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் நாள், சனி

காலை எட்டு மணிக்கே முற்றத்தில் சைக்கிள்கள் சாய்ந்துவிட்டன. தகரக் கொட்டகை, நீள வாங்குகள், இருபத்தாறு பிள்ளைகள். மாஸ்டர் என்னை அறிமுகப்படுத்திவிட்டுக் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இடத்தில் அவர் இருப்பது எனக்குத் தேர்வு எழுதுகிற மாதிரி இருந்தது.

முதல் ஐந்து நிமிடம் மொழிச் சிக்கல். நான் எலக்ட்ரான் என்கிறேன், அவர்கள் இலத்திரன் என்று எழுதிக்கொள்கிறார்கள். நான் டிகிரி, அவர்கள் பாகை. குவாண்டம் என்றதும் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், "சொட்டைச் சொல்லுறா" என்று மெல்லச் சொன்னாள். எனக்குக் கேட்டுவிட்டது. என்னவென்று விசாரித்தேன். இவர்கள் வேதியியல் பாடத்தில் குவாண்டம் எண்ணுக்குச் சக்திச்சொட்டெண் என்று பெயராம். ஆற்றல் ஒழுகாமல் சொட்டுச் சொட்டாக வருகிறது. சென்னையில் நான் பதினைந்து வருடமாகக் குவாண்டம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அப்புறம் பத்து நிமிடம் விளக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கே பெயரே விளக்கிவிடுகிறது. பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். நான்கு கனசதுரக் காந்தங்கள், வடக்கும் தெற்கும் மாறி மாறி மேலே பார்க்கும்படி, சதுரங்கப் பலகையின் நான்கு கட்டம் போல. மேலே தகடு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான், ஆனால் இடைவெளி. முன் வாங்குப் பையன் மெல்ல ஊதினான். தகடு நடுங்கித் திரும்பி மறுபடி நடுவுக்கு வந்து நின்றது. ஒருவன் பேப்பர்த் துண்டை அடியில் விட்டு இழுத்துப் பார்த்தான். சரியான ஆள்.

"மிஸ், இது மீக்கடத்தியோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் டப்பாவைக் கடல் தாண்டிக் கொண்டு வந்தேன். இல்லை. இது சூடாக்கி அடுக்கடுக்காகப் படிய வைத்த கிராஃபைட், பென்சிலின் உறவுக்காரர். காந்தத்தைக் கொஞ்சமாக வெறுக்கும், அவ்வளவுதான். மின்தடை இருக்கிறது, குளிர்விக்கத் தேவையில்லை, இருந்தும் மிதக்கிறது.

2023 ஜூலையில் கொரியாவிலிருந்து ஒரு வீடியோ வந்தது. எல்கே-99 என்ற கறுப்புத் துண்டு, காந்தத்தின் மேல் ஒரு முனை தூக்கி, ஒரு முனை தொட்டபடி. ஈயமும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருளில் கொஞ்சம் செம்பு. அறை வெப்பநிலையில் மீக்கடத்தி என்று சொன்னார்கள். உலகமே அடுப்பை மூட்டியது. இரண்டு மூன்று வாரத்தில் கதை முடிந்தது. துண்டுக்குள் கலந்திருந்த செம்பு சல்பைடு ஏறத்தாழ 104 டிகிரியில் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது மின்தடை சடாரென்று குறையும். அந்தச் சரிவைத்தான் மீக்கடத்தலின் அடையாளம் என்று வாசித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் அந்தக் கலப்படம் இல்லாமல் படிகம் வளர்த்தார்கள். கறுப்புக்கூட இல்லை, ஊதா நிறத்தில் கண்ணாடி மாதிரி. மின்சாரத்தையே விடவில்லை.

கடைசி வாங்குக்கு முன் வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "எங்கட நாட்டுக்காரர் ஒராள் கண்டுபிடிச்சவர் எண்டு பேப்பரில வந்தது மிஸ். அது என்ன மாதிரி?"

கொட்டகை அமைதியாகிவிட்டது. ரங்கா டயஸைச் சொல்கிறான். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ரோசெஸ்டர் போனவர். 2020ல் நேச்சர் இதழில் வந்த அவருடைய மீக்கடத்திக் கட்டுரையை 2022ல் இதழ் திரும்பப் பெற்றது. 2023 மார்ச்சில் லுட்டீசியம் ஹைட்ரைடு கட்டுரை, 21 டிகிரியில், முன்பைவிட மிகக் குறைந்த அழுத்தத்தில். அதுவும் அதே நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. பதினொரு ஆசிரியர்களில் எட்டுப் பேர் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். அவன் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் பெருமைக்காக அளவீட்டை வளைக்க முடியாது. அந்தத் துறையில் அசல் வெற்றியும் இருக்கிறது, அதையும் சொன்னேன். 2019ல் ஜெர்மனியில் லாந்தனம் ஹைட்ரைடு 250 கெல்வினில், அதாவது மைனஸ் 23 டிகிரியில், மீக்கடத்தியானது. அழுத்தம் மட்டும் காற்றழுத்தத்தைப் போலப் பதினேழு லட்சம் மடங்கு. அதை வைத்துக் கரண்டுக் கம்பி இழுக்க முடியாது.

குவாண்டம் கணினி எப்போது கடைக்கு வரும் என்று ஒரு கேள்வி. வராது, மொபைல் மாதிரி வாங்குகிற பொருள் இல்லை அது என்று சுருக்கமாக முடித்தேன்.

மத்தியானம் மாஸ்டர் சொன்னார்: "குவாண்டம் மேதை டிராக்கிட்டப் படிச்ச எலியேசர் எங்கட ஆள் பிள்ளை. அந்தக் கதையை நான் ஒவ்வொரு வருசமும் சொல்லுவன். நீங்கள் பிழைச்ச கதையைச் சொல்லிப் போட்டியள். அதுவும் வேணும்தான்."

மூன்றாம் நாள், ஞாயிறு

மழை. நல்லூருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். மீதிப் பொழுது முழுக்க விறாந்தைக் கதிரையில்.

மாஸ்டர் வீட்டுக்கு மூன்று பக்கமும் சிமெண்ட் மதில். நான்காவது பக்கம், தங்கை வீட்டுப் பக்கம் மட்டும், பனையோலை வேலி. அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்கு இங்கே பொட்டு என்று பெயர். ரோட்டைச் சுற்றிப் போனால் நூறு அடி, பொட்டுக்குள்ளால் போனால் பத்து அடி. காலையிலிருந்து மாஸ்டரின் தங்கை நான்கு முறை அதன் வழியாக வந்து போய்விட்டார். ஒரு முறை கையில் கறிச் சட்டி. சட்டியில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

தேத்தண்ணி வந்தது. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். சீனி போட்டுக் கேட்டால் பாவமாகப் பார்க்கிறார்கள்.

"போன ஒக்ரோபரில நோபல் குடுத்தவையே, அதைச் சொல்லுங்கோ. பேப்பரில வாசிச்சு விளங்கேல்ல" என்றார் மாஸ்டர்.

ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ். வேலை நடந்தது 1984, 85ல், கலிபோர்னியாவில் பெர்க்லியில். அப்போது கிளார்க் பேராசிரியர், டெவொரே பாரிஸிலிருந்து வந்த இளம் ஆய்வாளர், மார்ட்டினிஸ் மாணவர். பரிசு நாற்பது வருடம் கழித்து, 2025ல்.

இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று. ஜோசப்சன் சந்தி என்பார்கள். சுழி கெல்வினுக்கு ஒட்டிய குளிரில் அதற்குள் சின்ன மின்னோட்டத்தை விட்டால் வோல்ட்டேஜ் எதுவும் காட்டாமல் ஓடும். அந்த நிலையிலேயே அது அடைபட்டிருக்கிறது, சுற்றிலும் ஆற்றல் வேலி. தாண்டிப் போக அதனிடம் ஆற்றல் இல்லை. ஆனால் காத்திருந்தால் திடீரென ஒரு நொடியில் வோல்ட்டேஜ் தோன்றும். அந்தப் பக்கம் போய்விட்டது. எத்தனை நேரத்தில் போகிறது என்று திரும்பத் திரும்ப அளந்தார்கள். வெப்பம் உதைத்துத் தள்ளுகிறதென்றால் குளிரக் குளிரத் தப்புவது அரிதாகிக்கொண்டே போக வேண்டும். ஓர் அளவுக்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் அந்த வேகம் குறையவில்லை. வெப்பம் இல்லை, வேலிக்குள்ளாலேயே போயிருக்கிறது.

மாஸ்டர் கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தார். "அப்ப வேலியில பொட்டு இல்லை. ஏறிப் பாயவும் இல்லை. ஆனால் ஆள் அங்கால நிக்குது."

"அதேதான் மாஸ்டர்."

"ஆர், கள்ளனோ?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

ஒற்றை எலக்ட்ரான் இப்படிப் போவது 1920களிலிருந்தே தெரிந்த விஷயம். அதற்காகவா நோபல் என்று மாஸ்டர் விடவில்லை. ஞாயமான கேள்வி. இங்கே போனது ஒரு துகள் இல்லை. கையில் எடுக்கக்கூடிய சில்லில், கோடிக்கணக்கான எலக்ட்ரான் ஜோடிகள் ஒரே ஆளாக நடந்துகொண்ட மொத்தச் சுற்று. கறிச் சட்டியோடு மாஸ்டரின் தங்கை பொட்டு இல்லாத வேலிக்குள்ளால் வந்த மாதிரி. அடுத்து அதன்மேல் நுண்ணலை பாய்ச்சினார்கள். எல்லா அதிர்வெண்ணையும் அது ஏற்கவில்லை, சில குறிப்பிட்ட அளவுகளை மட்டும் விழுங்கி மேல்படிக்கு ஏறியது. கையால் செய்த மின்சுற்று ஓர் அணுவைப் போல ஆற்றலைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தது.

"நல்ல வடிவான வேலை" என்றார். யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு. பரிசுக் குழுகூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

இரவு இன்னொரு செய்தியும் சொன்னேன். சொட்டையே பங்கு பிரித்துவிட்டார்கள். பலமான காந்தப்புலத்தில் எலக்ட்ரான் கூட்டம் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் இருப்பது போல நடக்கும் என்பது 1982லேயே கண்டது. 2023ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், திருப்பி அடுக்கிய மாலிப்டினம் டெல்லுரைடில், வெளிக்காந்தமே இல்லாமல் அந்தப் பின்னங்கள் தெரிந்தன. 2024ல் எம்ஐடி ஐந்தடுக்குக் கிராஃபீனில் காட்டியது. மறுபடியும் கரி, மறுபடியும் அடுக்கு. மாஸ்டர் கொட்டாவி விட்டார். நிறுத்திக்கொண்டேன்.

நான்காம் நாள், திங்கள்

நெடுந்தீவு. விடிகாலைப் பஸ். பண்ணைப் பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், வரிசையாக நட்ட கம்புகள், அவற்றில் வலை. களங்கட்டி என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். ஒவ்வொரு கம்பின் தலையிலும் ஒரு நீர்க்காகம். ஒன்றே ஒன்று. இன்னொன்று வந்து உட்காரப் பார்த்தால் சண்டை.

இதைப் பார்த்ததும் விக்னர் ஞாபகம் வந்தது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகிறவை. கூட்டம் குறைந்து குளிரும் போதுமானால், தள்ளுமுள்ளு ஓய்ந்து சம இடைவெளியில் முக்கோணக் கோலமாக உறைந்து நிற்கும் என்று யூஜின் விக்னர் 1934ல் சொன்னார். மறைமுகத் தடயங்கள் நிறைய வந்தன. ஆனால் அந்தக் கோலத்தை நேராகப் படமெடுத்தது 2024ல்தான், பிரின்ஸ்டனில் அலி யாஸ்தானியின் குழு, ஈரடுக்குக் கிராஃபீனில், பலமான காந்தப்புலத்தில். எடுத்த கருவி, ஊசிமுனைக்கும் பொருளுக்கும் நடுவே எலக்ட்ரான் வேலிக்குள்ளால் போவதை அளக்கும் நுண்ணோக்கி. பொட்டு இல்லாத வேலி அங்கேயும் உதவியிருக்கிறது. நீர்க்காகத்துக்குக் கம்பு நட்டது மனிதர். எலக்ட்ரானுக்கு யாரும் கம்பு நடவில்லை, தள்ளித் தள்ளியே இடத்தைத் தீர்மானித்துக்கொண்டன. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் உவமையை மட்டும் சொன்னால் மாணவர்கள் பிழையாகப் பிடித்துக்கொள்வார்கள்.

குறிகட்டுவானில் படகு. கடல் அடிப்பு. அதைப் பற்றி ஒரே வரி: காலை இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்தேன்.

தீவில் மதில்கள் எல்லாம் பவளக்கல். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் வைத்து அடுக்கியவை. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள்ளேயே சின்னச் சின்ன அறைகள், பவள உயிர்கள் இருந்த வீடுகள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. காற்று நேராக உள்ளே போகிறது. அந்தப் பக்கம் நின்ற குதிரை ஒன்று என்னைப் பார்த்துவிட்டு, ஆர்வமில்லாமல் புல்லுக்குத் திரும்பியது. மத்தியானப் படகைத் தவறவிட்டால் இரவு இங்கேதான் என்று ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். பாவோபாப் என்கிற பெருக்க மரத்தை ஓடிப் போய்ப் பார்த்தேன். நான் பார்த்தேனா, அது என்னைப் பார்த்ததா, தெரியவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

அம்மா பனையோலைப் பெட்டியில் பனங்கட்டி கட்டித் தந்தார். கிராஃபைட் தகட்டையும் காந்தங்களையும் மாஸ்டரிடமே விட்டுவிட்டேன். பை லேசாகிவிட்டது. பிஸ்கட் டப்பாவைத் திருப்பித் தருவதாக அவர் சொன்னதை நம்பவில்லை, அம்மா அதில் ஏற்கெனவே மிளகாய்த்தூள் போட்டுவிட்டார்.

பலாலியில் காத்திருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. சனிக்கிழமை சொட்டு என்று கிசுகிசுத்த பெண். வகுப்பு முடிந்து முற்றத்தில் நிற்கும்போது நுளம்புவலைக் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். படத்தில் இரண்டு நீல வலை, நடுவில் வரிசையாகப் பெரிய புள்ளிகள், ஓரத்தில் அடிமட்டம்.

"மிஸ், வலைக்கண் 2 மில்லிமீற்றர். புள்ளிக்குப் புள்ளி 4 சென்ரிமீற்றர். கோணம் 2.9 பாகை வருது. சரியோ?"

பேப்பர் நாப்கினில் போட்டுப் பார்த்தேன். வலைக்கண்ணைப் புள்ளி இடைவெளியால் வகுத்தால் இருபதில் ஒரு பங்கு ரேடியன். டிகிரியில் 2.86. சரி என்று எழுதினேன். 1.1க்கு வரக் கோணத்தை இன்னும் குறைக்க வேண்டும், அப்போது புள்ளிகளின் இடைவெளி பத்து சென்டிமீட்டரைத் தாண்டும் என்றும் எழுதினேன்.

விமானத்தில் ஏறும் முன் பதில் வந்துவிட்டது. "இரவைக்குத்தான் செய்யலாம் மிஸ். இப்ப அம்மா வலையைக் கழட்டித் தோய்க்கப் போட்டிட்டா."